ஐந்தாம் சீசன், நான்காம் தட்டு

லியோங் கடைக்கு ஐந்தாம் சீசன் வந்துவிட்டது.
ஆறு தட்டு, வாரத்துக்கு நாலு வெள்ளி.
அட்டைப்படத்தில் பிரதமர்
ஓரத்துக்குப் போயிருக்கிறார்.
முதல் சீசனில் நட்டநடுவே நின்றவர்.
இப்போது அவர் தோளில் பாதியை
யாரோ புதியவள் மறைக்கிறாள்.

"எழுதுறவன் மாறிட்டான், இனிமே நல்லாருக்காது"
என்றான் லியோங், மலாயில்.
பாகாவ் முழுக்க அந்தத் தொடரைப் பார்ப்பது
நாங்கள் இரண்டு பேர்தான் என்கிற
உரிமை அவனுக்கு.

எனக்கு மில்லில் எடைமேடை வேலை.
செம்பனைக் குலையோடு லாரி ஏறும்; எண் எழுதுவேன்.
கொட்டிவிட்டுக் காலியாக வரும்; எண் எழுதுவேன்.
பெரியதில் சிறியதைக் கழித்தால் வருவதற்குத்தான்
காசு கொடுப்பார்கள்.

அதனாலோ என்னவோ
எனக்குப் பிடித்தவர் பிரதமர் இல்லை.
சபையில், கீழ்மேசையில்,
தலை நிமிராமல் குறிப்பெடுக்கிறாளே, அவள்.
நாலு சீசனாக அவளுக்கு ஒரு வசனம் இல்லை.
பெயரும் இல்லை.
அரசு இரண்டு முறை கவிழ்ந்தது.
அவள் நீலப் பேனாவிலிருந்து
கறுப்புக்கு மாறினாள்.
இதை லியோங்கும் கவனிக்கவில்லை.

அவன் சொன்னது சரிதான், மோசமான சீசன்.
எல்லாரும் மழையில் நின்றே பேசுகிறார்கள்.
ஒரு மந்திரிக்குக் காரணமில்லாமல் காதல் வருகிறது.
தூங்கிவிடலாம் என்றிருந்தபோது
நான்காம் தட்டில்
நிதியமைச்சர் எழுந்து
அப்படியொரு வாக்கு தான் கொடுக்கவே இல்லை என்றார்.
சபை சிரித்தது.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.
எழுந்தாள்.
வாயைத் திறந்தாள்.

படம் நின்றுபோனது.

சட்டை நுனியால் துடைத்தேன்.
பற்பசை தேய்த்தேன்.
எதிர்வீட்டு ஜெகதாம்பிகை
வாழைப்பழத் தோல் என்றாள், அதையும்.
கட்டம் கட்டமாய் உடைந்து
கன்னத்தில் பச்சைக் கோடு விழுந்து
வாய் பாதி திறந்தபடி
அதே இடத்தில் நின்றாள்.
கீழே மலாய் எழுத்தில் ஒரே சொல்:
தெத்தாப்பி.
ஆனால்.

ஆனால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை டேவானில் கூட்டம்.
தோட்டம் கைமாறி மூன்று வருஷம்.
பிளாஸ்டிக் நாற்காலி, பொட்டலம் மீகூன்,
சுழன்றும் காற்று வராத விசிறி.
யாங் பெர்ஹோர்மாட் ஒரு மணிநேரம் தாமதமாக வந்து
வீட்டுநிலமா, நான் எப்போது சொன்னேன் என்றார்,
சிரித்துக்கொண்டே.
அவர் சிரித்ததால்
தலைவர் அற்புதசாமியும் சிரித்தார்.

செயலாளர் நான்தான்.
கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று
ஒன்பது வருஷமாக
அந்த நோட்டை என்னிடமே விட்டுவைத்திருக்கிறார்கள்.
கூட்டத்தில் இதுவரை
தண்ணீர் கேட்கக்கூட நான் பேசியதில்லை.

நாற்காலி கிறீச்சிட்டது.
என்னுடையதுதான்.

"தெத்தாப்பி" என்றேன்.
தொண்டை அடைத்தது. மறுபடி
"தெத்தாப்பி, யாங் பெர்ஹோர்மாட்,
நாற்பத்தொன்றாம் பக்கம்,
ஏழாவது வரி.
நாற்பத்தாறு வீடு, பட்டாவோடு.
சொன்ன நேரம் காலை பதினொன்று இருபது.
அன்றைக்கும் மீகூன்தான்."

பின்வரிசையில் யாரோ
மெல்லுவதை நிறுத்தினார்கள்.
அவர் கைப்பேசியைப் பார்த்தார்,
உதவியாளரைப் பார்த்தார்,
பிறகு கூரையை.
நாற்பது வீடு நிச்சயம் என்றார்.
எழுதிக்கொண்டேன், நேரத்தோடு.
ஆறு எங்கே போனது என்பதையும்
பக்கத்தில் ஒரு கேள்விக்குறியாக.
அவர் வண்டி புழுதியைக் கிளப்பிப் போனது.
அதை ஏற்றி நிறுக்க
அங்கே மேடை இல்லை.

திங்கள் சாயந்திரம் தட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.
"நாலாவது நின்னுடுச்சா?
எனக்கும் அங்கேதான்" என்றான் லியோங்.
"அவ எழுந்து
என்னதான் சொல்லியிருப்பா?"

சொன்னேன்.
நாற்பத்தொன்றாம் பக்கம், ஏழாவது வரி என்று ஆரம்பித்து
கேள்விக்குறி வரை.
கல்லாவில் முழங்கை ஊன்றிக் கேட்டான்.
"பரவாயில்லையே,
நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றான்.

நாலு வெள்ளியை
எண்ணி வைத்தேன்.